திரைதான் இருண்டது

ஷஃபான் மாதத்தின் இருபத்தொன்பதாம் நாள் மாலையில் மேற்கு வானம் மேகமூட்டமாக இருந்தால், நம் பெரியவர்கள் "பிறை தென்படவில்லை" என்றுதான் சொல்வார்கள். "பிறை இல்லை" என்று சொல்லமாட்டார்கள். இவ்விரு சொற்றொடர்களுக்கும் இடையிலுள்ள தூரம் சிறியதன்று. முன்னது காண்பவரின் நிலையைக் கூறுகிறது. பின்னது பொருளின் நிலையைக் கூறுகிறது. வானத்தைப் பற்றிப் பேசும்போது நாம் காக்கின்ற இந்த நிதானத்தை, வீட்டிலுள்ள பொருள்களைப் பற்றிப் பேசும்போது ஏனோ கைவிட்டுவிடுகிறோம்.

கணினி இதற்குத் தக்க சான்று. அதன் திரை இருண்டுவிட்டால், "கணினி போய்விட்டது" என்று தீர்ப்பளிக்க நமக்கு ஒரு நிமிடமும் ஆவதில்லை. அந்தத் தீர்ப்பினால் பழைய இரும்புக் கடைக்குப் போய்ச் சேர்ந்த கடிதங்கள் எத்தனை, நிழற்படங்கள் எத்தனை, கையெழுத்துப் படிகள் எத்தனை என்று கணக்கெடுத்தவர் இல்லை. எங்கள் குடும்பத்தில் அவ்வாறு போக இருந்த ஒரு செல்வம் போகாமல் நின்ற வரலாற்றை இங்கே எழுதுவதற்குக் காரணம், அதில் கையாண்ட முறை எவருக்கும் பயன்படக்கூடியது என்பதே.

மதுரை மாநகரின் வடபகுதியில், வைகைக்கு அப்பால், கூடல் நகரை அடுத்திருப்பது ஆனையூர். தனி நகராட்சியாக இருந்து, 2011 ஆம் ஆண்டில் மாநகராட்சியோடு இணைந்த பகுதி. அங்கேதான் என் தாய்மாமன், நாங்கள் 'மாமு' என்றழைத்த தமிழாசிரியர், பணி ஓய்வுக்குப் பின் சிறிய வீடொன்று கட்டிக் குடியேறினார். 2010 ஆம் ஆண்டில் அவர் தமக்கென்று ஒரு கணினி வாங்கினார். கடைக்காரர்கள் 'ஆல் இன் ஒன்' என்று சொல்லும் வகை அது. திரை வேறு, பெட்டி வேறு என்றில்லாமல், திரையின் முதுகுக்குப் பின்னாலேயே கணினி முழுவதும் அடங்கியிருக்கும். மேசையில் இடம் அடைக்காது. கம்பிகளின் சிக்கலும் இல்லை. முதியவர் ஒருவருக்கு இதைவிட வசதியானது எது?

மாமு அதை வாங்கியது பொழுதுபோக்கிற்காக அன்று. அவருடைய தாயார், எங்கள் நன்னி, எழுதிவைத்த நோட்டு ஒன்று அவரிடம் இருந்தது. நன்னி பள்ளிக்கூடம் சென்றவர் அல்லர். தமிழ் எழுத்துகள் அவருக்குத் தெரியா. ஆனால் குர்ஆன் ஓதுவதற்காகக் கற்ற அரபு எழுத்துகள் தெரியும். அவ்வெழுத்துகளைக் கொண்டே தம் தாய்மொழியாகிய தமிழை அவர் எழுதினார். அரபுத்தமிழ் என்று நாம் வழங்கும் அம்முறையைப் பற்றி இவ்வாசகர்களுக்கு விரித்துரைக்க வேண்டியதில்லை. அரபியில் இல்லாத தமிழ் ஒலிகளுக்காகச் சில எழுத்துகளின்மீது கூடுதல் புள்ளிகளும் குறிகளும் இட்டு, நம் முன்னோர் அதனை ஆக்கிக்கொண்டனர். கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816–1898) போன்ற பேரறிஞர்கள் அதில் நூல்கள் இயற்றினார்கள் என்றால், பெயர் அறியப்படாத எத்தனையோ பெண்கள் அதில் தங்கள் வீட்டுக் கணக்கையும் கைவைத்தியத்தையும் எழுதி வைத்தார்கள்.

நன்னியின் நோட்டில் பேறுகாலச் சூரணங்களும், பிள்ளைகளுக்கு மாந்தம் கண்டால் கொடுக்க வேண்டிய கஷாயங்களும், குடும்பத்தில் பிறந்தோர் இறந்தோரின் ஹிஜ்ரி தேதிகளும், நிக்காஹ் வீடுகளில் பெண்கள் பாடிய பாட்டுகளும் இருந்தன. மாமு அதனை வரி வரியாகப் படித்துத் தமிழ் எழுத்தில் பெயர்த்து, அருஞ்சொற்களுக்கு விளக்கம் எழுதிக் கணினியில் ஏற்றினார். பத்தாண்டுகள் அந்த வேலையில் ஈடுபட்டிருந்தார். இதற்கிடையில் ஒரு மழைக்காலத்தில் அலமாரியின் பின்சுவர் ஓதமேறி, மூல நோட்டைக் கறையான் அரித்துவிட்டது. ஆக, நன்னியின் குரல் எஞ்சியிருந்த இடம் அந்தக் கணினி ஒன்றே. 2021 ஆம் ஆண்டில் மாமு மறைந்தார். 2023 ஆம் ஆண்டின் கோடையில் கணினியின் திரை இருண்டது.

என் மச்சான் அதனை நகரத்திலுள்ள ஒரு பழுதுபார்ப்புக் கடைக்குத் தூக்கிச் சென்றார். "மதர்போர்டு போய்விட்டது, இந்த மாடலுக்கு உதிரிப் பாகமும் வருவதில்லை, எடைக்குப் போட்டுவிடுங்கள்" என்பது அவருக்குக் கிடைத்த விடை. கணினியைத் திறந்து பார்த்தார்களா என்று கேட்டேன். இல்லை என்றார். மின்சாரம் கொடுத்தார்கள், திரை வரவில்லை, தீர்ப்பு வந்துவிட்டது.

நான் ஆனையூர் சென்றபோது மாமி வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார். "மருமவனே, மிஷின் போனாப் போகுது. உங்க மாமு எழுதினது அதுக்குள்ளதான இருக்கு?" என்று கேட்டார். அவருடைய கேள்வியில் பழுதுபார்ப்பவர்கள் பலருக்கும் தோன்றாத ஒரு தெளிவு இருந்தது. கருவி வேறு, கருவிக்குள் இருப்பது வேறு என்பதை அவர் பிரித்துக் கண்டிருந்தார். நாங்கள் அன்று செய்ததெல்லாம் அந்தப் பிரிவினையை இன்னும் சில படிகள் கீழே கொண்டு சென்றதுதான்.

திரையும் கணினியும் தனித்தனியாக இருக்கும் வீட்டில் இந்தப் பிரிவினை எளிது. பக்கத்து வீட்டிலிருந்து ஒரு மானிட்டரை வாங்கி வந்து மாட்டிப் பார்த்தால், குற்றம் யாருடையது என்பது ஐந்து நிமிடத்தில் விளங்கிவிடும். ஓருடலாக அமைந்த கணினியில் அந்த வாய்ப்பு இல்லை. கண்ணும் மூளையும் ஒரே தலையில் இருப்பதுபோல அங்கே எல்லாம் ஒன்றாயிருக்கின்றன. ஆப்பிள் நிறுவனம் 1984 ஜனவரியில் வெளியிட்ட மேக்கின்டாஷ், ஒன்பது அங்குலத் திரையையும் கணினியையும் ஒரே பெட்டியில் அடக்கியிருந்தது. 1998 ஆகஸ்டில் விற்பனைக்கு வந்த ஐமேக், அந்த அமைப்பை உலகெங்கும் வீடுகளுக்குள் கொண்டு சென்றது. பிறகு தட்டைத் திரைகள் வந்ததும் பல நிறுவனங்கள் இவ்வகையில் இறங்கின. வசதி பெரிது, அதற்கு நாம் கொடுக்கும் விலை, ஓர் உறுப்பின் நோய் உடல் முழுவதன் மரணமாகத் தோற்றமளிப்பது.

எனவே சோதனைக்கு முன்னர் ஒரு கேள்வியைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். நாம் திரையில் ஒன்றைக் காண்பதற்கு எவை எவை வேண்டும்?

இந்தக் கேள்வியை உலகத்திற்கு முறையாகக் கேட்கக் கற்பித்தவர்களுள் முதல்வராக வைக்கத்தக்கவர் பஸராவில் பிறந்த இப்னுல் ஹைதம் (சுமார் 965–1040). கண்ணிலிருந்து கதிர் புறப்பட்டுப் பொருளைத் தொடுவதால்தான் பார்வை உண்டாகிறது என்று கிரேக்க அறிஞர்கள் யூக்ளிடும் தாலமியும் கொண்டிருந்தனர். ஏழு பாகங்கள் கொண்ட தம் 'கிதாபுல் மனாழிர்' என்னும் நூலில் இப்னுல் ஹைதம் அதனை மறுத்தார். பொருளிலிருந்து வரும் ஒளி கண்ணை அடைவதே பார்வை என்று நிறுவினார். இருட்டறையில் சிறு துளை வழியே விளக்கொளியைச் செலுத்தி, விளக்குகளை ஒவ்வொன்றாக மறைத்து, எதை மறைத்தால் எது மறைகிறது என்று பார்த்தார். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்ப்பது என்ற அந்த நெறியைப் பழுதுபார்ப்பவன் கைக்கொண்டால் போதும். அவன் தொழிலில் பாதி முடிந்துவிடும்.

கணினியின் தட்டைத் திரை, தானாக ஒளிர்வதில்லை என்பது இங்கே அறிய வேண்டிய முதற்செய்தி. ஆஸ்திரியத் தாவரவியலாளர் ரைனிட்சர் 1888 ஆம் ஆண்டில் கண்டறிந்த திரவப் படிகம் என்னும் பொருளைக் கொண்டு செய்யப்பட்டது அத்திரை. ஒளியைத் தடுக்கவும் விடவும் அதனால் இயலும். ஒளியைப் பிறப்பிக்க இயலாது. சன்னலில் தொங்கும் ஓவியச் சீலையைப் போன்றது அது. சீலைக்குப் பின்னால் வெயில் இருந்தால்தான் ஓவியம் தெரியும். கணினியில் அந்த வெயிலாக நிற்பது பின்விளக்கு. மாமுவினுடையதைப் போன்ற பழைய கணினிகளில் அது ட்யூப் லைட்டின் மிகச்சிறிய தம்பி போன்ற ஒரு மெல்லிய குழல். அதற்கு உயரழுத்த மின்சாரம் வேண்டும். குறைந்த மின்னழுத்தத்தைப் பல நூறு வோல்ட்டாக உயர்த்திக் கொடுக்க உள்ளே ஒரு சிறு பலகை உண்டு. அதற்கும் இன்வர்ட்டர் என்றுதான் பெயர். மின்வெட்டுக்காக நாம் வீட்டில் வைக்கும் இன்வர்ட்டரோடு அதைக் குழப்பிக்கொள்ளலாகாது.

ஆக, திரையில் எழுத்துத் தெரிய நான்கு பேர் வேலை செய்ய வேண்டும். கணினி ஓட வேண்டும். அதன் காட்சிச் சில்லு படத்தை ஆக்க வேண்டும். அப்படம் கேபிள் வழியே திரைப்பலகையை அடைய வேண்டும். பின்விளக்கு எரிய வேண்டும். நால்வரில் எவர் வேலைக்கு வராவிட்டாலும் வெளியே தெரிவது இருட்டுத்தான். வராதவர் யார் என்று அறிவதே சோதனை.

செலவில்லாத சோதனைகளை முதலில் செய்தோம். கம்பியைச் சுவரிலிருந்து கழற்றி, மின்பொத்தானை அரை நிமிடம் அழுத்திப் பிடித்து, உள்ளே தேங்கிய மின்சாரத்தை வடியவிட்டோம். பிறகு நீட்டிப்புப் பெட்டி எதுவும் இடையில் இல்லாமல் நேரே சுவரில் மாட்டி உயிரூட்டினோம். விசிறி சுழலும் ஓசை கேட்டது. திரை இரண்டு நொடி வெளுத்து உடனே இருண்டது. சிறிது நேரத்திற்கெல்லாம் விண்டோஸ் தொடங்கும்போது எழும் இசை ஒலித்தது. விசைப்பலகையில் 'கேப்ஸ் லாக்' விசையை அழுத்த, அதற்குரிய சிறு விளக்கு எரிந்தது. மறுபடி அழுத்த அணைந்தது. மதர்போர்டு போய்விட்ட கணினி இசை எழுப்புமா? விசைக்கு விடை சொல்லுமா? முதலாமவர் வேலைக்கு வந்திருக்கிறார் என்பது உறுதியாயிற்று. கடைத் தீர்ப்பு அங்கேயே தள்ளுபடியாகிவிட்டது.

அடுத்து ஒளி அளவைக் கூட்டும் விசைகளை அழுத்திப் பார்த்தோம், மாற்றமில்லை. பிறகு அறையின் சன்னல்களைச் சாத்தி இருட்டாக்கினோம். மச்சான் ஒரு டார்ச் விளக்கை எடுத்து, திரையின் ஓரத்திலிருந்து சாய்வாக ஒளியைச் செலுத்தினார். கறுத்த கண்ணாடியின் ஆழத்தில், ஈரத்துணிக்கு அடியில் தெரியும் எழுத்தைப் போல, சின்னஞ்சிறு படங்கள் மங்கலாகத் தென்பட்டன. அவற்றின் நடுவே 'நன்னி நோட்டு' என்று மாமு பெயரிட்ட கோப்புறை இருந்தது. மாமி அருகில் வந்து குனிந்து பார்த்தார். ஒன்றும் பேசவில்லை, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

டார்ச் விளக்குச் சோதனை இத்தனை எளிது. அதனால் வெளிப்பட்ட உண்மையோ பெரிது. கணினி ஓடுகிறது; சில்லு படத்தை ஆக்குகிறது; கேபிள் அதனைக் கொண்டு சேர்க்கிறது; திரவப் படிகம் அதனைத் தாங்கி நிற்கிறது. இல்லாதது பின்விளக்கு ஒன்றே. திரை இரண்டு நொடி வெளுத்துப் பின் இருண்டதும் அதே கதையைத்தான் சொல்லியது. விளக்கிலோ இன்வர்ட்டரிலோ கோளாறு கண்டால், காவலுக்கு வைத்த மின்சுற்று தானே அதனை நிறுத்திவிடும்.

எல்லா வீட்டிலும் இதே நோய் இருக்காது. ஆதலால் ஏனைய குறிகளையும் இங்கே சொல்லி வைப்பது நலம்.

டார்ச் ஒளியிலும் ஒன்றும் தெரியாவிட்டால், கணினியின் பின்புறம் வேறொரு மானிட்டரை மாட்டும் வாய் இருக்கிறதா என்று பார்க்கவேண்டும். இதில் ஓர் எச்சரிக்கை உண்டு. சில ஓருடற் கணினிகளில் உள்ள 'எச்டிஎம்ஐ' வாய், படத்தை உள்ளே வாங்குவதற்கு மட்டும் உரியது, வெளியே கொடுக்காது. மாமுவின் கணினியில் இருந்ததும் அதுதான். வெளியே கொடுக்கும் வாய் இருந்து, அங்கே மாட்டிய மானிட்டரில் படம் செவ்வையாக வந்தால், குற்றம் திரைப்பலகையிலோ கேபிளிலோ இருக்கிறது. வெளி மானிட்டரிலும் அதே கோடுகள், அதே சிதறல் என்றால், குற்றம் படம் ஆக்கும் இடத்தில்.

கோளாறு எப்போது தோன்றுகிறது என்பதும் சான்று கூறும். மின்சாரம் கொடுத்தவுடன் நிறுவனத்தின் சின்னம் வரும்போதே கோடுகள் விழுந்தால், அது பெரும்பாலும் வன்பொருளின் கோளாறு. சின்னம் தெளிவாக வந்து, விண்டோஸ் ஏறிய பின்னரே சிதறினால், 'டிரைவர்' என்னும் மென்பொருளை முதலில் ஐயுறவேண்டும். பாதுகாப்பு முறை எனப்படும் 'சேஃப் மோடில்' தொடங்கிப் பார்த்தால் அது தெளிவாகும். கணினி குளிர்ந்திருக்கும்போது நன்றாயிருந்து, இருபது நிமிடம் கழித்துச் சிதறினால், உள்ளே தூசியடைந்து சூடேறுகிறது என்று கொள்ளலாம். நாற்பது டிகிரியைத் தொடும் மதுரைக் கோடையில் விசிறித் துளைகள் அடைபட்ட கணினியின் பாடு சொல்லத் தரமன்று.

கோளாற்றின் வடிவமும் பேசும். மேலிருந்து கீழ்வரை அசையாமல் நிற்கும் ஒற்றைக் கோடு, திரைப்பலகையின் விளிம்பில் உள்ள இணைப்பின் நோய். திரையைச் சாய்த்தாலோ தட்டினாலோ மாறும் நடுக்கம், தளர்ந்த கேபிளின் குறி. படம் செம்மை படர்ந்து மங்கலாகத் தொடங்கினால், குழல் விளக்கு முதுமை அடைந்துவிட்டது. விசிறி மட்டும் சுழன்று, இசையும் இல்லை, விசை விளக்கும் விடை சொல்லவில்லை என்றால், திரையை விட்டுவிட்டு நினைவகப் பலகையைக் கழற்றித் துடைத்து மறுபடி பொருத்திப் பார்க்க வேண்டும். வெறும் தூசியாலும் திரை இருண்டு கிடப்பதுண்டு.

பெரிய நிறுவனங்களின் கருவிகளும் இதற்கு விலக்கல்ல. 2004, 2005 ஆம் ஆண்டுகளில் விற்பனையான ஐமேக் ஜி5 கணினிகள் சிலவற்றில் படம் சிதறுவதும் திரை வராமற்போவதும் நேர்ந்தன. மின்தேக்கி என்னும் உருளை உறுப்புகள் தலை வீங்கிக் கசிந்ததே பெரும்பாலும் காரணம். அந்த ஆண்டுகளில் தரங்குறைந்த மின்தேக்கிகள் பல நிறுவனங்களின் கணினிகளையும் பாழாக்கின. அவற்றைப் பழுதுபார்த்துக் கொடுக்க ஆப்பிள் நிறுவனமே ஒரு திட்டம் அறிவித்தது. மீண்டும் 2011 மே முதல் 2012 அக்டோபர் வரை விற்பனையான 27 அங்குல ஐமேக் சிலவற்றில், ஏஎம்டி ரேடியான் 6970எம் என்னும் காட்சி அட்டை பழுதாகித் திரையில் செங்குத்துக் கோடுகள் விழுந்தன, திரை வெளுத்தது, இருண்டது. 2013 ஆம் ஆண்டில் அவ்வட்டையை இலவசமாக மாற்றித் தரும் திட்டம் வந்தது. அதன் காலமும் முடிந்துவிட்டது. பழுதான அட்டையை அடுப்பில் வைத்துச் சூடேற்றி உயிர்ப்பிக்கலாம் என்று சிலர் சொல்வதுண்டு. அது சில நாள் உயிர்தான். நச்சுப் புகையும் எழக்கூடும். உணவு சமைக்கும் அடுப்பில் அதைச் செய்வது அறிவுடைமையாகாது.

இனி எங்கள் கதைக்கு வருகிறேன். நோய் தெரிந்துவிட்டது. உடனே திறந்து விளக்கை மாற்றலாம் என்றார் மச்சான். நான் தடுத்தேன். மருத்துவம் பின்னர்; முதலில் உள்ளிருக்கும் எழுத்து வெளியே வரட்டும் என்றேன். கணினியைத் திறக்கும் கையில் ஒரு திருப்புளி நழுவினால் போதும், ஓடிக்கொண்டிருப்பதும் நின்றுவிடும். ஹார்ட் டிஸ்கைக் கழற்றி, அதற்குரிய உறையில் இட்டு, வேறொரு கணினியோடு இணைத்துப் படி எடுப்பதே பொதுவான வழி. ஆயினும் திறக்காமலே செய்யக்கூடிய வழி எங்கள் கண்ணெதிரே இருந்தது. மச்சான் டார்ச் விளக்கைப் பிடித்துக்கொண்டார். கல்லூரியில் படிக்கும் அவருடைய மகள் விசைப்பலகையின் முன் அமர்ந்தாள். பென் டிரைவைச் செருகி, மங்கிய நிழலைத் தேடித் தேடி, கோப்புறையைப் பிடித்துப் படி எடுத்தாள். ஒரு சாண் அகல ஒளிவட்டத்திற்குள் முப்பத்தேழு கோப்புகளும் வந்து சேர்ந்தனவா என்று எண்ணிப் பார்க்க அரை மணி நேரம் பிடித்தது. இரண்டாவது பென் டிரைவிலும் அதையே செய்தாள்.

அந்தப் பெண் தன் மடிக்கணினியில் கோப்பைத் திறந்தபோது இரண்டாவது இருட்டு எதிர்ப்பட்டது. திரை பளிச்சென்று ஒளிர்ந்தது. ஆனால் தமிழைக் காணோம். ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும் அடைப்புக்குறிகளும் வரிசை வரிசையாக நின்றன. "எல்லாம் கெட்டுப்போச்சா?" என்று மச்சான் முகம் வாடினார். மகள் சிறிது உற்றுப் பார்த்து, "இல்லை அத்தா, இது பாமினி" என்றாள்.

பாமினி என்பது யூனிகோடு பரவுவதற்கு முன்னர்ப் பெருவழக்கில் இருந்த தமிழ் எழுத்துருக்களில் ஒன்று. அத்தகைய எழுத்துருக்கள், ஆங்கில எழுத்துகளுக்குரிய இடங்களில் தமிழ் வடிவங்களை அமர்த்தி வைத்தன. அந்த எழுத்துரு இருக்கும் கணினியில் தமிழ் தெரியும். இல்லாத கணினியில் ஆங்கிலக் குறிகளே தெரியும். பாமினியில் அடித்த 'தமிழ்' என்ற சொல், எழுத்துரு இல்லாத இடத்தில் ஜே, கே, பி, ஓ என்னும் நான்கு ஆங்கில எழுத்துகளாகவும் ஓர் அரைப்புள்ளியாகவும் நிற்கும். மெய்யெழுத்தின் புள்ளிதான் அங்கே அரைப்புள்ளியாக வேடம் பூண்டிருக்கிறது. ஆளுக்கொரு எழுத்துரு, எழுத்துருவுக்கொரு முறை என்றிருந்த அந்தக் காலத்தில் ஒருவர் எழுதியதை மற்றவர் படிக்க இயலாமற்போனது வியப்பன்று. 1991 ஆம் ஆண்டிலேயே யூனிகோடு தரத்தில் தமிழுக்கு இடம் கிடைத்துவிட்டது. எனினும் தமிழ்நாட்டு அரசு அதனை ஏற்று ஆணையிட்டது 2010 ஆம் ஆண்டில்தான். மாமு கணினி வாங்கியதும் அதே ஆண்டில். அவர் பழைய முறையிலேயே பழகிவிட்டார்.

அப்பெண் பாமினி எழுத்துருவைத் தேடி எடுத்து நிறுவினாள். மறுகணம் திரை முழுவதும் தமிழாயிற்று. முதல் வரியில் நன்னியின் பெயர் இருந்தது. மாமி அதைப் படிக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டிருந்தார். எந்தச் சூரணத்தில் எத்தனை பலம் சுக்கு என்பதைக்கூடத் தம் மாமியார் வாயால் கேட்டது போலவே இருக்கிறது என்றார்.

அன்றிரவு எனக்கு ஓர் ஒற்றுமை புலப்பட்டது. நன்னி தமிழை அரபு எழுத்தில் எழுதினார். அவ்வெழுத்தை அறியாத ஒருவர் அந்த நோட்டைப் புரட்டியிருந்தால், இது தமிழ் என்று எண்ணியே இருக்கமாட்டார். மாமு அதே தமிழை ஆங்கில எழுத்துகளின் இடத்தில் அமர்ந்த தமிழ் வடிவங்களில் அடித்தார். அவ்வுருவை அறியாத கணினி அதனைக் குப்பையாகக் காட்டியது. இரண்டு தலைமுறைகளிலும் மொழி மாறவில்லை. படிக்கத் தெரிந்த கண் இருந்ததா இல்லையா என்பதே வேறுபாடு. அரபுத்தமிழ் நோட்டுகளைப் பொருளற்ற கிறுக்கல் என்று கருதி நம் வீடுகளில் எறிந்தவர்களும், இருண்ட திரையைக் கண்டு கணினியை எடைக்குப் போடச் சொன்னவர்களும் ஒரே வழியில்தான் அந்த முடிவுக்கு வந்தார்கள். தமக்குத் தெரியாததை இல்லாததாகக் கொண்டார்கள்.

பின்னர்க் கோப்புகள் அனைத்தையும் யூனிகோடுக்கு மாற்றினோம். மாற்றித் தரும் மென்பொருள்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. ஆயினும் அவற்றை முழுவதும் நம்பிவிடலாகாது. பாமினியில் 'கெ', 'கே', 'கை' முதலியவற்றின் கொம்பும் இரட்டைக்கொம்பும் சங்கிலிக் கொம்பும் கண்ணுக்குத் தெரியும் வரிசைப்படி முன்னால் அடிக்கப்படும். யூனிகோடில் அவை உயிர்மெய்க்குப் பின்னால் சேமிக்கப்படும். மாற்றும்போது சில இடங்களில் கொம்பு தடம் மாறும். அரபுச் சொற்களுக்காக மாமு இட்ட ஆய்த எழுத்துகளும் கிரந்த எழுத்துகளும் சில இடங்களில் பிறழ்ந்திருந்தன. மருந்தின் அளவுகள் அடங்கிய எழுத்தில் ஓர் எழுத்துப் பிறழ்ந்தாலும் தீங்கு. எனவே மூலக் கோப்பையும் மாற்றிய கோப்பையும் அருகருகே வைத்து, குடும்பத்தினர் மாறி மாறி ஒப்புநோக்கினோம். இரண்டு மாதங்கள் ஆயின.

கணினி என்னவாயிற்று என்று வாசகர்கள் கேட்கலாம். மின்சாரத்தை நீக்கி ஒரு நாள் விட்டுவைத்த பிறகு, இத்தொழில் அறிந்த ஓர் இளைஞரிடம் கொடுத்துத் திறந்தோம். உயரழுத்தம் பாயும் இடங்கள் உள்ளே இருப்பதால், அறியாதவர் கை வைக்கத் தக்கதன்று அது. இன்வர்ட்டர்ப் பலகையில் கருகிய தடம் இருந்தது. அளவு ஒத்த வேறொரு பலகையை அவர் தேடிப் பொருத்தியதும் திரை ஒளிர்ந்தது. இடது ஓரத்தில் சற்றுச் செம்மை படர்ந்திருக்கிறது, குழலுக்கு வயதாகிவிட்டது. அது ஒருநாள் முற்றும் அணையும். அதில் சிறிதளவு பாதரசம் இருப்பதனால், அப்போது அதைக் குப்பையில் எறியாமல், மின்கழிவு வாங்க உரிமம் பெற்றவரிடம் சேர்க்க வேண்டும். 2023 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த மின்கழிவு விதிகள் அதற்கு வழி செய்திருக்கின்றன.

நன்னியின் நோட்டு இப்போது தாளில் அச்சாகி, எங்கள் குடும்பத்தின் ஐந்து வீடுகளில் இருக்கிறது. இரண்டு பென் டிரைவ்களும் இரண்டு வேறு ஊர்களில் இருக்கின்றன. ஒரே பொருள் ஒரே இடத்தில் ஒரே படியாக இருப்பது எத்துணை ஆபத்து என்பதைக் கறையான் ஒரு முறையும் கணினி ஒரு முறையும் எங்களுக்குக் காட்டிவிட்டன. மூன்றாவது முறையை எதிர்பார்த்திருக்க நாங்கள் விரும்பவில்லை.

இவ்விதழைப் படிக்கும் இல்லங்களில், மறைந்துபோன அத்தாவினுடையதோ மாமுவினுடையதோ ஆன ஒரு பழைய கணினி மூலையில் துணி போர்த்துக் கிடக்கலாம். அதை எடைக்குப் போடுவதற்கு முன்னர் ஒருமுறை மின்சாரம் கொடுத்துப் பாருங்கள். ஓசை கேட்கிறதா என்று செவி கொடுங்கள். அறையை இருட்டாக்கி, ஒரு டார்ச் விளக்கைச் சாய்த்துப் பிடியுங்கள். உள்ளே ஏதேனும் தென்பட்டால், வேறு எந்த வேலைக்கும் முன்னதாக ஒரு படி எடுத்து வையுங்கள்.